நான்கு காகிதக் கீற்றுகள்

கடந்த டிசம்பர் மாதத்தின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஏன் இடமில்லாமல் போயிற்று என்பதும் இப்பதிவின் ஒரு பகுதிதான். சற்று நீளும், பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

என் முனைவர் பட்ட ஆய்வு, பெங்களூருவில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சில் வினைச்சொற்கள் அடையும் மாற்றத்தைப் பற்றியது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தக்கணி உருதுவும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் ஒரு குழந்தை, கையால் செய்யும் ஒரு செயலைச் சொல்ல எந்த வினையை எடுக்கிறது, ஏன் எடுக்கிறது என்பதே கேள்வி. பெயர்ச்சொற்களைத் திரட்டுவது எளிது. படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் போதும். வினை அப்படி அகப்படாது. ஒரு தாளைக் கிழித்துக் காட்டி, 'நான் இப்போது என்ன செய்கிறேன்?' என்று கேட்டபோது, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, 'பேப்பர வேஸ்ட் பண்றீங்க' என்று விடையளித்த குழந்தையை நான் சந்தித்திருக்கிறேன். கைக்கு மெய்யான வேலை இருந்தால்தான் வாய் இயல்பாகப் பேசும். அப்படியொரு வேலையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்துமஸ் மரத்துக்கு வீட்டிலேயே தொங்கல்கள் செய்யலாம் என்னும் எண்ணம் வந்தது. வெட்டவும் மடிக்கவும் ஒட்டவும் கோக்கவும் பிசையவும் தொங்கவிடவும் இடம் தரும் வேலை. வினைச்சொல் ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வீடும் வாய்த்தது. லிங்கராஜபுரத்தில் என் அக்காவின் குடும்பம் இருக்கிறது. பத்து வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். அக்காவின் மாமியார் உடனிருக்கிறார். எனக்கு அத்தை; குழந்தைகளுக்கு ஆயா. (தென்மாவட்ட நண்பர்கள் இச்சொல்லைப் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் என்று புரிந்துகொள்ள வேண்டா. வடாற்காட்டுப் பக்கம் பாட்டிதான் ஆயா.) கீழ்த்தளத்தில் கன்னடக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, எதிர்வீட்டில் தக்கணி பேசும் சிறுவன் ஒருவன். நால்வரும் மாலையானால் ஒரே மாடியில்தான் இருப்பார்கள். பெற்றோர் ஒப்புதல் படிவங்களில் கையொப்பம் பெற்றுக்கொண்டேன். ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டேன்.

பொருட்கள் வாங்க ரசல் சந்தைப் பக்கம் போனோம். டிசம்பரில் சிவாஜிநகருக்குச் சென்றவர்களுக்கு அந்தத் தெருக்களைச் சொல்லத் தேவையில்லை. காகித நட்சத்திரங்கள், ஜிகினாச் சரங்கள், குடிலுக்கான களிமண் பொம்மைகள், பிளாஸ்டிக் மரங்கள். 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருவுக்கு மாற்றித் தண்டுப்பகுதியை நிறுவியபோது, அப்படையோடும் அதற்குப் பின்னும் வந்து குடியேறிய தமிழர்களின் பேட்டை இது. சற்றுத் தள்ளியிருக்கும் தூய மரியன்னைப் பேராலயத்தில் இன்றும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வழிபாடு நடக்கிறது. எந்த மொழிக்கு எவ்வளவு இடம் என்பது இந்நகரக் கத்தோலிக்கரிடையே பல பத்தாண்டுகளாகச் சச்சரவுக்குரியது. சந்தையில் அந்தச் சச்சரவு இல்லை. நட்சத்திரத்தின் விலையை எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் ஏற்றிச் சொல்கிறார்கள்.

மரம் ஏற்கெனவே இருந்தது. பூந்தொட்டியில் வளரும் அரக்கேரியா. பெங்களூரு நாற்றங்கால்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஐரோப்பிய ஊசியிலைக் காட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியத் தீவு. அத்தை இளமையில் கண்டதோ சவுக்குக் கிளை. ஊர்ப்பக்கம் சவுக்குக் கிளையை வெட்டி மண் நிரப்பிய தகர டின்னில் நட்டு, பஞ்சைப் பிய்த்து வைப்பார்களாம். பனி என்பதை ஒருவரும் கண்டதில்லை; ஆனாலும் பஞ்சு வைக்காமல் மரம் முடியாது.

முதல் ஞாயிறன்று உப்பு மாவு. இரண்டு குவளை மைதா, ஒரு குவளை தூளுப்பு, ஏறக்குறைய ஒரு குவளை தண்ணீர். சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்து, தட்டி, அச்சால் வெட்டி, நூல் கோக்கத் துளையிட்டு உலர்த்த வேண்டும். குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணிநேரம் அடுப்பில் வைப்பது முறை. அக்காவின் மின்னடுப்பு கேக்கிற்கென ஒதுக்கப்பட்டிருந்ததால் மொட்டைமாடி வெயிலை நம்பினோம். அந்த வாரம் வங்கக்கடலில் ஒரு தாழ்வுநிலை உருவாகிப் பெங்களூரு மூன்று நாள் தூறலில் நனைந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நட்சத்திரங்கள் வியர்த்தன, ஓரம் தொய்ந்து, புதன்கிழமைக்குள் அவை கூழாங்கல்லின் வடிவை அடைந்தன. சிறுவன் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, 'இது ஆமை' என்று பெயர் சூட்டினான். உப்பு மாவு செய்ய விரும்புவோர் அடுப்பில் நன்றாக உலர்த்தி வார்னிஷ் பூசாமல் பெங்களூரு டிசம்பரை நம்ப வேண்டா.

எனக்கோ அன்றைய ஒலிப்பதிவு பெரும் அறுவடையாகத் தோன்றியது. 'சித்தி, கட் பண்ணவா?', 'ரோல் பண்ணு', 'இத ஸ்டிக் பண்ணலாமா', 'அவன் ஸ்பாயில் பண்றான்.' ஆங்கில வினைவேரோடு 'பண்ணு' சேர்த்து ஆக்கப்படும் இத்தொடர்கள் தமிழ் மொழியியலில் பலரும் எழுதிய பொருள். மாடியில் இருந்த நால்வரிடமும் அதைத்தான் கேட்டேன். தமிழ்ப் பிள்ளைகள் 'கட் பண்ணு' என்றால், கீழ்வீட்டுச் சிறுமி 'கட் மாடு' என்றாள். எதிர்வீட்டுச் சிறுவன் 'கட் கரோ' என்றான். வெட்டுதல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. செய்தல் மட்டும் அவரவர் மொழியில் நிற்கிறது. மூன்று மொழிகளும் ஒரே கதவில் மூன்று பூட்டுகளைப் போல எனக்குத் தோன்றின. வீட்டுக்குப் போய் குறிப்பேட்டில் அட்டவணை போட்டேன். ஒருபுறம் தமிழ் வினைவேர், மறுபுறம் ஆங்கில வேரும் 'பண்ணு'வும், கடைசியில் 'இழப்பு' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும் கோடுகள். இழப்புக் கட்டத்தில் கோடுகள் நெருக்கியடித்து நின்றன. தமிழ்க் கட்டத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

அடுத்த ஞாயிறு நான் கைகழுவப் போயிருந்த இடைவேளையில் அக்காவின் மகள் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டாள். அதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தமிழில் எழுதியிருந்தால் அவளால் வாசித்திருக்க முடியாது. அவள் பள்ளியில் கற்பது ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும். தமிழ் வினைச்சொற்களின் தேய்வைப் பற்றித் தமிழில் குறிப்பெடுக்காத ஆய்வாளரின் குறிப்பேடு, தமிழ் வாசிக்கத் தெரியாத குழந்தைக்குத் தெளிவாகப் புரிந்தது.

'சித்தி, இதுல என் பேருக்கு நேரா நெறைய லாஸ் போட்டிருக்கு.'

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

'நான் ஃபெயிலா?'

இல்லை என்றேன். இது தேர்வன்று என்றேன். 'அப்ப எதுக்கு மார்க் போட்ட?' என்றாள். தம்பிக்கு அவளைவிடக் குறைவான கோடுகள் இருப்பதையும் கவனித்திருந்தாள். அவன் அன்று குறைவாகப் பேசினான் என்பதே அதற்குக் காரணம். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அதிகம் பேசிய குழந்தைக்கு அதிக இழப்பு என்று காட்டும் அட்டவணையைத்தான் நான் போட்டிருக்கிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே உறைத்தது. ஒப்புதல் படிவத்தில் அக்கா கையொப்பமிட்டிருந்தாள். மகளிடம் யாரும் கேட்கவில்லை. சித்தி வந்திருக்கிறாள், கிறிஸ்துமஸ் மரத்துக்கு நட்சத்திரம் செய்யப்போகிறோம் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அன்று ஒலிப்பதிவுக் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டேன். பெருந்தன்மை என்று கொள்ள வேண்டா. கை நடுங்கிற்று, அவ்வளவே.

அன்றைய வேலை, காகித நட்சத்திரம். நான்கு நீண்ட கீற்றுகள் போதும். பசை வேண்டா, கத்தரி ஓரங்களைச் சீவ மட்டும். அகலத்தைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு நீளமுள்ள கீற்று. பழைய மாத நாட்காட்டியின் தாள் இதற்கு மிகப் பொருந்தும். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபலின் பெயரால் வழங்கும் நட்சத்திரம் இது. 1837இல் துரிங்கியாவின் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான விளையாட்டுக் கூடத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டவர் அவர். தாள் மடிப்பும் தாள் பின்னலும் அவர் வகுத்த பயிற்சிகளில் இடம்பெற்றன. இந்த நட்சத்திரம் அவர் கண்டுபிடித்ததன்று, முன்பே மக்களிடம் வழங்கியது என்பர். காகித நட்சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு பழையது. 1830களில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவிய சபையாரின் ஆண்கள் பள்ளியில் வடிவியல் பாடமாகச் செய்யப்பட்ட முனைநட்சத்திரம்தான், பின்னர் ஹெர்ன்ஹூட் நட்சத்திரமாக உலகெங்கும் விற்பனையாயிற்று. அதே சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். அதைப் படித்தபோது, நம்மூர்த் தெருக்களில் தொங்கும் நட்சத்திரத்துக்கு ஒரு வேர் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஆனால் அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தரங்கம்பாடியை விட்டுப் போய்விட்டார்கள். நீஸ்கியில் நட்சத்திரம் பிறக்க இன்னும் முப்பதாண்டுகள் இருந்தன. ஆண்டுகளைச் சரிபார்த்ததும் அழகான கதைகளில் பாதி இப்படித்தான் உதிர்ந்துவிடுகின்றன.

நட்சத்திரத்துக்கு வருவோம். நான்கு கீற்றுகளையும் பாதியாக மடித்து, ஒன்றன் மடிப்புக்குள் மற்றொன்றைச் செருகி, நடுவில் ஒரு சிறு சதுரம் அமையுமாறு இழுக்க வேண்டும். நான் செயல்முறைப் படத்தைப் பார்த்து இரண்டு முறை பழகியிருந்தேன். மூன்றாம் முறை, நான்கு குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான்காவது கீற்று எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பது மறந்துபோயிற்று. சதுரம் அவிழ்ந்தது. மீண்டும் அவிழ்ந்தது. 'சித்தி, ஃபோல்டு ஆகல, லூஸ் ஆகுது' என்றான் சிறுவன்.

அத்தை கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அத்தைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே நடக்கும் பேச்சைச் சில மாதங்களாகக் கேட்டுவந்திருக்கிறேன். சாப்பிட்டியா, குளிச்சியா, டிவி சத்தத்தைக் குறை. அவ்வளவுதான். பிள்ளைகள் தமக்குள் பேசுவது ஆங்கிலம். அவர்களுக்கு ஆயாமீது அன்பு உண்டு, பேசத்தான் பொருளில்லை.

'இங்க குடும்மா' என்றார். பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டு, நான்கு கீற்றுகளையும் வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை. ஒன்றை மடித்தார், ஒன்றைச் செருகினார், திருப்பினார், இழுத்தார். சதுரம் நின்றது.

'இது ஓலைப் பந்துக்குப் போடுறதுதானே. இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கிறே?'

தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு நீக்கிய ஓலைகளைக் கொண்டு பந்து செய்வதை அவர் சொன்னார். குழந்தைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். படத்தின்படி அடுத்து வருவன தட்டையான எட்டு முனைகள். அதன்பின் இருபுறமும் நான்கு நான்காக எழும் கூம்புகள். அவற்றை அத்தை இதற்குமுன் கண்டதில்லை. நான் செய்துவைத்திருந்த மாதிரியைச் சற்றுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பந்துதான். முடிக்கத் தெரியாம மூக்க நீட்டி வுட்டிருக்கான்' என்றார். ஃப்ரோபல் நட்சத்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணத்தை நான் வாசித்ததில்லை.

பிறகு வேலை அவர் கைக்குப் போயிற்று. வினைகளும் வந்தன. நகத்தால் நீவு. மடிச்ச இடத்த நீவாட்டி அது திரும்ப எழுந்துக்கும். இங்க சொருகு. இறுக்காதே, முதல்ல தளரவுடு. எல்லாம் சேந்தப்பறம் ஒரே தரமா இறுக்கு. ஓரத்த சீவு. கிழியுது பாரு, மெல்ல உருவு. சிறுமி தன் கீற்றுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, 'இது வீவிங்தான ஆயா?' என்றாள். 'அது இன்னாவோ, முடையறதுன்னுதான் நாங்க சொல்லுவோம். கீத்து முடையறது' என்றார் அத்தை.

முடை. கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து ஒரு நாணயம் விழுந்த ஒலியைப்போல அச்சொல்லைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த சொல்தான். துணியை நெய்கிறோம், சடையைப் பின்னுகிறோம், பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், ஓலையை முடைகிறோம் என்று முதுகலை வகுப்பில் எழுதிக்கொடுத்து மதிப்பெண் பெற்றிருக்கிறேன். பொருளுக்கேற்பக் கையின் அசைவு மாறுகிறது, அசைவுக்கேற்ப வினை மாறுகிறது. ஆனால் என் வாழ்நாளில் நான் எதையும் முடைந்ததில்லை. 'இழப்பு' என்று கட்டம் போட்டேனே, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுத மறந்துபோனேன்.

இன்னொன்றும் அப்போது காதில் விழுந்தது. சிறுவன் 'ஃபோல்டு ஆகல' என்றானே, அதை நான் முன்பு 'ஃபோல்டு பண்ணு' என்பதோடு சேர்த்து ஒரே கோடாகப் போட்டிருப்பேன். ஆனால் அவன் 'ஃபோல்டு பண்ணல' என்று சொல்லவில்லை. தான் மடிக்கவில்லை என்பதற்கும், தாள் மடங்கவில்லை என்பதற்கும் உள்ள வேற்றுமையை அவன் பிழையின்றிக் காட்டினான். மடக்கு, மடங்கு, ஆக்கு, ஆகு என்று தமிழ் வினைகள் பிறவினைக்கும் தன்வினைக்கும் இடையே வகுத்திருக்கும் கோட்டை, வேர் ஆங்கிலமானபோதும் 'பண்ணு', 'ஆகு' என்னும் இரண்டைக்கொண்டே அந்த ஆறு வயதுப் பிள்ளை காத்துவருகிறான். 'கல்யாணம் பண்ணு', 'கல்யாணம் ஆகு' என்று வடசொல்லைக்கொண்டு நம் முன்னோர் செய்ததும் இதுவே. வீட்டின் சட்டம் தமிழாகவே இருக்கிறது. உள்ளே பலகைகள்தாம் மாறியிருக்கின்றன. என் அட்டவணையில் பலகைகளை மட்டும் எண்ணினேன்.

இடையே கீழ்வீட்டுச் சிறுமி தன் பாட்டி நட்சத்திரத்தைச் 'சுக்கி' என்பாள் என்று சொன்னாள். தமிழிலும் 'சுக்கை' என்றொரு சொல் விண்மீனுக்கு உண்டு. இன்று அகராதியில் மட்டும் உறங்குகிறது. தெலுங்கில் 'சுக்க'. ஒரு சொல் மூன்று வீடுகளில் வாழ்ந்து, ஒரு வீட்டில் மட்டும் இறந்திருக்கிறது. குழந்தைகளிடம் இதைச் சொன்னேன். எதிர்வீட்டுச் சிறுவன் பெரிதும் கவலைப்பட்டு, 'எப்படிச் செத்துச்சு?' என்று இந்தியில் கேட்டான். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள், பாட்டி கையிலிருந்து பேரப்பிள்ளைகள் கைக்குத் தமிழ் போய்ச் சேர்ந்த இனிய கதை என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணி, மாலையில் அத்தையிடம் சென்று, 'நீங்க இதெல்லாம் ஏன் இத்தனை நாள் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கல?' என்று கேட்டேன். கேள்வியில் ஒரு குறைகூறும் தொனி இருந்திருக்க வேண்டும்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. வலக்கைச் சுட்டுவிரலின் ஓரத்தைக் காட்டினார். தோல் அங்கே சற்றுத் தடித்து, மேலும் கீழுமாக வரிகளோடு இருந்தது. வாணியம்பாடிக்கு அருகே பாலாற்றங்கரையில் அவருடைய ஊர். தென்னந்தோப்புகள் மிகுந்த பகுதி. பத்து வயதில் பள்ளியை நிறுத்திவிட்டுக் கீற்று முடையப் போயிருக்கிறார். மட்டையை நடுவே இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறிய ஓலைகளை ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக முடைய வேண்டும். ஊறாத ஓலை ஒடியும். ஊறிய ஓலை நாறும். குனிந்தே இருக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி. விளிம்பு விரலை அறுக்கும். அறுத்த இடத்தில் ஊறல் நீர் படும். உதிரி ஓலைகளில் தம்பிக்குப் பந்து செய்து கொடுத்தது மட்டும்தான் அதில் விளையாட்டு. திருமணமாகிப் பெங்களூருக்கு வந்தபின் அவர் ஒரு கீற்றையும் தொட்டதில்லை.

'என் பசங்க அத கத்துக்கக்கூடாதுன்னுதானே இங்க வந்தேன்' என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என் ஆய்வின் அடிப்படைக் கருதுகோளைச் சாய்த்துவிட்டது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அசைத்துவிட்டது. மரபுவழி மொழியின் தேய்வைப் பற்றிய எழுத்துகளில் ஒரு சொல் மறைந்தால் அது பறிபோனதாகவே எழுதுகிறோம். ஆங்கிலம் பறித்தது, பள்ளி பறித்தது, நகரம் பறித்தது. ஒரு பெண் தன் பிள்ளைகளின் விரல்கள் அறுபடக்கூடாது என்று எண்ணி, ஒரு வினையைத் தானே எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள் என்பதற்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை. முடைதல் என்பது அவருக்குச் சொல்லன்று, கூலி. சொல்லை மீட்கிறேன் என்று புறப்பட்ட நான் கூலியையும் சேர்த்து மீட்கச் சொல்கிறேனா?

குழந்தைகள் கையால் செய்யும் கிறிஸ்துமஸ் அலங்காரம் என்றதும் நம் மனத்தில் எழும் இனிய காட்சியும் அப்படியொன்றும் பழையதன்று. மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குண்டுகளின் பிறப்பிடம் லௌஷா. அதுவும் ஃப்ரோபல் வாழ்ந்த துரிங்கியாவில்தான் இருக்கிறது. 1597 முதல் கண்ணாடி உலை இயங்கிய ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே குண்டுகள் ஊதத் தொடங்கினர். 1880களில் அமெரிக்க வணிகர் உல்வொர்த் அவற்றைத் தம் கடைகளில் கொண்டுவந்து குவித்தார். வீட்டுத் தொழில்தான். தந்தை ஊதுவார், தாயும் பிள்ளைகளும் உள்ளே வெள்ளிக் கரைசல் ஏற்றி வண்ணம் தீட்டுவார்கள். மலைக்கு ஒருபுறம் தாள் மடித்து விளையாடக் குழந்தைகளுக்கு ஒரு கூடம் பிறந்தது. மறுபுறம் குழந்தைகள் பிறர் வீட்டு மரங்களுக்குத் தொங்கல் செய்து வயிறு வளர்த்தார்கள். ஒரே கைவேலையைச் செய்த இரு குழந்தைகள். எந்தக் குழந்தையின் வினைச்சொல் இனிமையானது என்று மொழியியல் சொல்லாது.

இதையெல்லாம் இரவு அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். 'நீ ரொம்ப யோசிக்கிற. அத்தை இன்னிக்கு ரெண்டு மணிநேரம் பசங்களோட பேசினாங்க. நான் கல்யாணமாகி வந்து பன்னெண்டு வருஷத்துல அந்தக் கீத்துக் கதைய எங்கிட்டச் சொன்னதில்ல' என்றாள். அது உண்மை. நானும் அதை ஆய்வுக்காக வரவழைக்கவில்லை. என் கை தவறியதால் வந்தது.

அடுத்த நாள்களில் அத்தை தாமாகவே அமர்ந்து நட்சத்திரம் முடைந்தார். நாட்காட்டித் தாள் தீர்ந்ததும் பிள்ளைகள் பள்ளிச் சுற்றறிக்கைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் ஒரு நட்சத்திரத்தின் மூக்கில் இன்றும் இருக்கிறது. 'காகிதம் நல்லாருக்கு. கைய அறுக்கல' என்றார் ஒருமுறை, தமக்குத்தாமே சொல்லிக்கொள்பவர்போல. அரக்கேரியாவின் கிளைகள் மெலிந்தவை, கனத்தைத் தாங்கா. காகித நட்சத்திரங்கள் மட்டும் அதில் தங்கின. உப்பு மாவு ஆமைகள் குடிலுக்குப் போய் ஆட்டுக்குட்டிகளுக்கு அருகே அமர்ந்தன. பெத்லகேமில் ஆமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மகளிடம் குறிப்பேட்டைக் கொடுத்து, அந்தப் பக்கத்தை என்ன செய்யலாம் என்று கேட்டேன். கிழித்துவிடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சற்று யோசித்து, அதை நான்கு கீற்றுகளாக வெட்டித் தரச் சொன்னாள். குறிப்பேட்டுத் தாள் குட்டையானது. நட்சத்திரம் பாதியில் நின்றுபோயிற்று. அப்படியே தொங்கவிட்டாள். முதல் ஞாயிற்றின் ஒலிப்பதிவை அழித்துவிட்டேன். நெறியாளரிடம் அந்தத் தரவு ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தோடு, குழந்தையிடம் அதன் மொழியில் பேசிக் கேட்கும் ஒரு பகுதியையும் இனிச் சேர்ப்பதாக அதில் எழுதினேன். இதனால் என் கால அட்டவணை ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போகலாம். உதவித்தொகை அதுவரை வருமா என்பது வேறு கவலை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மீண்டும் அங்கே சென்றேன். மரம் மாடிக்குப் போய்விட்டது. நட்சத்திரங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. காலை ஏழரை மணி, பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அக்கா அலுவலக அழைப்பில் இருந்தாள். மகள் சீப்பையும் இரண்டு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அத்தையின் நாற்காலிக்கு முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

'ஆயா, சீக்கிரம் சடை முடைஞ்சு வுடு.'

நான் காப்பியைக் கீழே வைத்தேன். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலும் கீழுமாகச் சென்று இறுகும் அசைவுக்கெல்லாம் அதுவே வினை என்று தானாகவே முடிவு செய்திருக்கிறாள்.

'சடைய முடையமாட்டாங்க கண்ணு, பின்னுவாங்க' என்றார் அத்தை, கூந்தலை மூன்றாக வகுத்துக்கொண்டே.

'ஏன்?'

அத்தையின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.